ஆறு மணிப் பக்கம்

பட்டையைக் கழற்றினால்தான் தெரியும்.
பன்னிரண்டு மணிப் பக்கத்துக் கொம்புகளுக்கு நடுவே ஓர் எண்:
எந்த மாடல், எந்த உலோகம், எந்த விளிம்பு.
அதே எண்ணில் ஆயிரம் உடன்பிறப்புகள் இருக்கலாம்.
ஆறு மணிப் பக்கத்தில் இன்னொன்று.
அது அந்த ஒன்றுக்கு மட்டும்.

கோட்டையில், ஹார்னிமன் சர்க்கிளுக்குப் பின்னால்,
லிஃப்ட் நிற்காத மாடியில் என் மேசை.
பதினோரு வருடமாக
அடுத்தவர் மணிக்கட்டு அழுக்கைப்
பல்குச்சியால் சுரண்டுகிறேன்.
சோப்பு, பவுடர், கடற்காற்றின் உப்பு,
எல்லாவற்றுக்கும் அடியில் எண்.

லூப்பைக் கண்ணில் இறுக்கி விளக்கைச் சாய்ப்பேன்.
வைரமுனை வெட்டிய கோடென்றால்
ஒரு கணம் பளிச்சென்று பல் தெரியும்.
அமிலத்தில் அரித்தது
உப்புத்தாள்போலச் சொரசொரத்து
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தேரி பில்டர் ஒருவர் கொண்டுவந்த எண்ணை
அதற்கு முன்பே நான்கு கடிகாரங்களில் பார்த்திருந்தேன்.
ஐந்து பேருக்கு ஒரே கட்டைவிரல் ரேகை.
சொன்னேன்.
எழுந்து போய்விட்டார்.
லஞ்சமாக வந்த பொருள்,
யாரிடம் போய்ச் சண்டை போடுவார்?

ஜூனில், மழை தொடங்கிய வாரம்,
தாதர் பார்சி காலனியிலிருந்து ஃப்ரெனி பாட்லிவாலா.
கூரை ஒழுகுகிறதாம், விற்க வேண்டுமாம்.
"கெர்சி கப்பலில் சீஃப் இன்ஜினியர்.
ரோட்டர்டாமில் வாங்கியது.
ஒன்றே ஒன்று.
அதற்கே நாலு மாதச் சம்பளம் போச்சு."
பட்டையடியில் முப்பது வருடத்து அழுக்கு.
ஆர் என்ற எழுத்து, இலக்கங்கள்,
கடைசியில் நானூற்று எழுபத்தொன்று.
ஏழின் காலில் முனை சறுக்கிய சின்னக் கீறல்.

பத்து நாள் கழித்து சுலபா கர்ணிக்,
விலே பார்லே கிழக்கு.
விற்பதற்கில்லை.
எந்த வருடத்தது என்று மட்டும் தெரிய வேண்டும்.
"அவர் கொடுத்தது" என்றார்.
எவர் என்று சொல்லவில்லை.
என் வீட்டுப் பேச்சில்
பெயரில்லாமல் அவர் என்றால் ஒருவர்தான்.
மராத்தியில் என்ன கணக்கோ.

பட்டையைக் கழற்றினேன்.
சுத்தமாக இருந்தது.
கட்டிக்கொண்டு வெளியே போனதே இல்லை போலும்.
ஆர்.
நானூற்று எழுபத்திரண்டு.
ஏழின் காலில் அதே சறுக்கல்.

துணியால் லூப்பைத் துடைத்தேன்,
தேவையில்லாமல், இரண்டு தடவை.

எண்ணுக்குத் தெரிவது கூடு பிறந்த வருடம் மட்டுமே.
எந்தக் கடை, யார் கை, எத்தனை பெட்டி,
எது கால்சட்டைப் பையில், எது சூட்கேஸில்,
அதற்குத் தெரியாது.
அடுத்தடுத்த எண்கள் ஒருவரிடமே போகும் என்று
விதியும் கிடையாது.
நான் கணக்குப் படித்தவள்.
தற்செயலுக்கும் ஒரு சதவீதம் உண்டு.
போட்டுப் பார்த்தேன்.
புள்ளிக்குப் பின் பூஜ்யங்களாக வந்துகொண்டே இருந்தன.

"எண்பத்தேழு. எண்பத்தெட்டாகவும் இருக்கலாம்" என்றேன்.
விரல் விட்டு எண்ணினார்.
"எண்பத்தெட்டு தீபாவளி.
அப்போதுதான் வாங்கியது, புதுசு என்றார்.
பழையதைத் தள்ளிவிட்டாரோ என்று
இத்தனை நாளாக ஒரு நினைப்பு."
கைப்பையை மூடினார்.
"பொய் சொல்லவில்லை" என்றார்,
என்னிடம் இல்லை, ஜன்னலிடம்.

வெளியே ரயில் நின்றுவிட்டது.
நனையக் கூடாது, நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று
கடிகாரத்தை விட்டுவிட்டுப் போனார்.
ஃப்ரெனியுடையது காசோலைக்காக
இன்னும் எங்களிடம்தான்.

அறிக்கையில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு.
'கண்ணாடியில் கீறல் இல்லை' என்று எழுதினேன்.

லாக்கரில் எண் வரிசைப்படி அடுக்குவது இங்கே வழக்கம்.
நான் மாற்றவில்லை.

காலையில் எது முதலில் வெளியே போனது என்று
ரிஜிஸ்டரைக் கேட்டால் சொல்லும்.
அன்று நான் தாமதம்.
கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர்.